அணைத்த விளக்கில் காத்திருந்த மின்சாரம்: மின்பணியாளர் ஐயாத்துரை அவர்களுக்கு ஆலைத் தொழிலாளர் மடல்

கரிசல் மண்ணில் பிறந்து, கம்பிகளோடு வாழ்ந்து, கோகிலாம்பாள் நூற்பாலையின் கூடமெங்கும் ஒளி தந்த மின்பணி மேற்பார்வையாளரே! சொல்லில் சுருக்கமும் செயலில் சுத்தமும் சேர்ந்த செம்மலே! இருபத்தாறு ஆண்டுப் பணி முடித்து, 1996 மே முப்பத்தொன்றாம் நாளாகிய இன்று விடைபெறும் தங்களுக்கு எங்கள் வணக்கம்!

திருச்சுழியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திறங்கித் தாங்கள் தொட்டு ஓட்டிய மோட்டார்களைப் பட்டியலிட்டால் மாலை போதாது. ஆகவே ஒரே ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறோம். நேற்றுக்கூட, "அத மட்டும் வாசிச்சிராதீக" என்றீர்கள். பொறுத்தருள்க.

1987 ஆடி மாதத்தில் ஒரு காலை. நூல் சுற்றும் பிரிவில் வேலை பார்த்த அழகுத்தாய், விளக்கில் அப்பியிருந்த பஞ்சைத் துடைக்க சுவிட்சை அணைத்துவிட்டு இரும்பு ஸ்டூலில் ஏறினார். ஈரத்துணி பட்டதும் தூக்கி எறியப்பட்டார். உயிர் பிழைத்தது, மணிக்கட்டு முறிந்தது.

"சுவிட்ச அமத்தாம ஏறியிருக்கா. இவளுக்கு இனி இங்க வேலை இல்ல" என்றார் அந்நாளைய மேலாளர்.

"அமத்திட்டுத்தேன் ஏறுனேன் ஐயா" என்று வலியோடு அழகுத்தாய் அழுததை எவரும் நம்பவில்லை, நாங்களும் நம்பவில்லை.

தாங்கள் மட்டும் டெஸ்டரை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினீர்கள். சுவிட்ச் அணைந்தே இருந்தது, டெஸ்டரின் சிறு விளக்கோ எரிந்தது. முகம் வெளுத்து இறங்கிய தாங்கள், எல்லோருக்கும் புரியும்படி எடுத்துரைத்தீர்கள்:

"கரண்டு ஒரு வயருல வந்து, விளக்குக்குள்ள போயி, இன்னொரு வயருல திரும்பணும். அந்தச் சுத்து முழுசா இருந்தாத்தேன் விளக்கு எரியும். சுவிட்சுக்குள்ள இருக்கிறது ரெண்டு தகடு. ஒட்டுனா பாதை, விலகுனா பாதை அந்து போகும். வார வயருல அத அறுக்கணும். இங்க திரும்புற வயருல அறுத்திருக்கு. அதனால விளக்கு அணைஞ்சிருச்சு. கரண்டு விளக்கு வரைக்கும் வந்து நிக்குது. அந்தப் பிள்ள தொட்டதும் அது உடம்பு வழியாத் தரைக்கு இறங்கிருச்சு."

"எவன்யா வயர மாத்திப் போட்டது?" என்று கேட்டார் மேலாளர்.

"நான்தேன் ஐயா. எண்பத்தொண்ணுல இந்தக் கூடத்துக்கு வயரிங் பண்ணுனது நான்தேன்."

ஐயா! மூன்று பெண்களின் தகப்பனாகிய தாங்கள் வாய்மூடி இருந்திருந்தால் எவருக்கும் தெரிந்திராது. தாங்கள் சாக்குப்போக்கு எதையும் தேடவில்லை. மெயின் சுவிட்சை இறக்கி, வேறெவரும் ஓட்டிவிடாதபடி ப்யூஸ் கட்டைகளைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டீர்கள்.

"லோடு அனுப்பணும், மெஷின ஓட்டும்யா" என்று மேலாளர் கத்தினார்.

"எல்லாச் சுவிட்சையும் பாத்துட்டு ஓட்டுறேன் ஐயா. அதுக்கு முன்னால ஓட்டணும்னா வேற ஆளப் பாருங்க."

இரண்டு நாள் ஆலை நின்றது. இருநூற்றுப் பன்னிரண்டு சுவிட்சுகளைத் திறந்து பார்த்தீர்கள். பதினேழில் அதே பிழை. அத்தனையும் தங்கள் கையாலேயே திருத்தினீர்கள். மூன்றாம் நாள் ஒரு மாத சஸ்பெண்டு உத்தரவு வந்தது. அதை வாங்கிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், அழகுத்தாயிடம் மன்னிப்புக் கேட்டீர்கள்.

"நீங்க சொல்லலைன்னா என்னையப் பொய்க்காரின்னே வச்சிருப்பாக அண்ணே" என்றார் அவர். கட்டுப் பிரித்ததும் அவருடைய வேலை அவருக்கே கிடைத்தது. அவரை நம்பாத நாங்களும் தலைகுனிந்து வரவேற்றோம். அன்று தொட்டு இன்றுவரை, இந்த ஆலையில் மின்சாரத்தால் ஒருவருக்கும் ஒரு காயமில்லை!

குற்றத்தை ஒப்பிய குன்றே! திருத்திக் காட்டிய திறலே! கால் வலி குறைந்து, கண்ணொளி நிறைந்து, பேரப்பிள்ளைகள் சூழப் பல்லாண்டு நலமோடு தாங்கள் வாழ வேண்டும். கண்ணாடிச் சட்டமிட்ட இம்மடலைத் தங்கள் வீட்டுச் சுவரில் மாட்டுக. ஆணி அடிக்குமிடத்தில் வயர் ஓடுகிறதா என்று தாங்களே பார்த்துக்கொள்க. தங்களைவிட நன்றாகப் பார்க்க எங்களில் ஒருவரும் இல்லை.

அன்பில் கட்டுண்ட,
மூன்று ஷிப்டுத் தொழிலாளர்கள்,
கோகிலாம்பாள் நூற்பாலை, அருப்புக்கோட்டை.