மரம் ஏறிய கை

1930களில் ஒரு காலை, உலு திராம் பக்கத்துத் தோட்ட ஆஸ்பத்திரி வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஓர் அம்மா, ரம்புத்தான் பழ மரத்திலிருந்து விழுந்து கை வீங்கிய பத்து வயது மகளோடு நின்றாள். தோட்டத்தில் ஆட்களை வேலைக்கு ஏவும் கங்காணி அவர்களைப் பார்த்து வந்தார்.

"ஏம்மா, பச்சப் புள்ளைய மரத்துல ஏற விடலாமா? வீட்டுக்குள்ள கட்டிப் போடு."

"கட்டிப் போட்டுர்றேங்க. நாளைக்கு லாலான் புல்லு வெட்ட யாரு வருவா?"

"அது வேலை. அதுக்கு அவ வளந்த புள்ளதானே."

"ஆமாங்க. பாம்புப் புதருக்குள்ள அரிவாளோட நீங்க அனுப்பினா வளந்த புள்ள. மரத்துல ஏறி வெளாடுனா பச்சப் புள்ள."

கங்காணி குனிந்து அந்த வீங்கிய கையைப் பார்த்தார்.

"சரி, கை எப்ப நல்லாகும்?"

"எந்தக் கைங்க கேக்குறீங்க? மரம் ஏறுன கையா, புல்லு வெட்டுற கையா?"