மொச்சை தீர்ந்த பிறகும்

— இருங்கத்த, லெட்டர்ல மொதல்ல ஆரு ஆரு எங்கன உக்காந்திருந்தோம்னு எழுதிட்டேன், கேளுங்க. ‘கருக்கலைப்பு ஆராய்ச்சிக்காகத் தாங்கள் வந்த அன்று எங்கள் வீட்டில் இருந்தவர்கள் மூவர். பிளாஸ்டிக் நாற்காலியில் ஓவியா ஆகிய தாங்கள். பாயில் நாகஜோதி ஆகிய நான். எனக்கும் வாசலுக்கும் நடுவில் என் மாமியார் மொக்கம்மாள்.’

— நடுவுலன்னு எதுக்குத்தா? நாம்பாட்டுக்கு மொச்சை உரிச்சுக்கிட்டுல்ல இருந்தேன்.

— அதையும் எழுதணுமாக்கும்?

— எழுது. இல்லாட்டி சும்மா உக்காந்திருந்தேன்னு அந்தப் புள்ள நெனச்சுரும்.

— ‘மொச்சை உரித்தபடி.’ போட்டாச்சு. ஆனா தனியாப் பேசணும்னு அந்தப் புள்ள ரெண்டு தடவ சொல்லுச்சு. மொச்சை தீந்த பெறகும் வெறுந்தொலிய நிமிண்டிக்கிட்டு உக்காந்திருந்தீகளே!

— எங்கிட்ட ஒரு கேள்வி கேட்டுச்சா அது?

— அம்பது வயசுக்குள்ள இருக்கவுகளத்தான் கேப்பாகளாம்.

— ம்.

— ஒங்களுக்குப் பயந்துதான் தானாக் கலைஞ்சிருச்சுன்னு பொய் சொன்னேன்.

— சொன்னா சொல்லிட்டுப் போ. அதுக்குப் போயி லெட்டரு, கவரு!

— அப்பிடியில்லத்த. கருவக் கலைக்கிற மாத்திரையே கூடாதுன்னு ஒரு கூட்டம் சொல்லுதாம். பக்கத்து ஆஸ்பத்திரியிலயே டாக்டர் பாத்து, வெவரஞ் சொல்லிக் குடுக்கணும்னு இன்னொரு கூட்டம். நாங்க சொல்றத வச்சுத்தான் அறிக்கை எழுதுவாகளாம். எம் பொய்யி அதுல போயி உக்காந்துக்கிரும்ல.

— ஒரே ஒரு பொய்யி.

— தெருவுல எத்தன வீட்ல எத்தன மாமியா மொச்சை உரிச்சாகளோ.

— வாயப் பாரு. சரி, படி.

— ‘நான் சொன்னது தவறு. நாங்களாகத்தான் கலைத்தோம். என் கணவர் வேல்பாண்டி மருந்துக்கடையில் டாக்டர் சீட்டு இல்லாமல் மாத்திரை வாங்கி வந்தார்.’

— ஏத்தா, எம் மகன் பேர எடு மொதல்ல!

— ‘என் கணவர்’ போதும். எடுத்துட்டேன். ‘எவ்வளவு ரத்தம் போனால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. போகப் போகச் சரியாகும் என்று ஏலத்தோட்டத்து வேலைக்கு ஜீப்பில் ஏறினேன். மலை ஏறும்போது மயங்கிவிட்டேன்.’

— மயங்குனியா? எங்கிட்டச் சொல்லவே இல்ல?

— நீங்க கேக்கவே இல்ல.

— சரி, மேல படி.

— ‘வருத்தம் உண்டா என்று கேட்டீர்கள். கலைத்ததற்கு இல்லை. கைப்பிள்ளை அப்போது தவழக்கூட ஆரம்பிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து இதைப் பற்றி ஒரு ஆளிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி அவர் தூங்கிய பிறகு சுவரிடம் சொல்லிப் பார்த்தேன். வருத்தம் என்றால் அதைத்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.’

— செவுத்துக்கிட்டயா? நான் வீட்லதானத்தா இருந்தேன்.

— இருந்தீக. கருவாட்டுக் கொழம்பு வேணாம்னு நீங்களா மெளகு ரசம் வச்சுக் குடுத்தீக. ஏன், எதுக்குன்னு ஒரு வார்த்த இல்ல.

— அந்த நேரத்துக்கு ரசந்தான் வகுறு ஏத்துக்கிரும்.

— எந்த நேரத்துக்கு? அத்த... அப்பவே தெரியுமா ஒங்களுக்கு?

— அட போத்தா. கவர ஒட்டு, ஜீப்பு வந்துரும்.

— பசை இல்ல.

— இந்தா, சோத்துப் பருக்க. நல்லா தேச்சு அமுக்கு. ஓரம் பிரியுது பாரு, இங்கிட்டுக் குடு, நானே ஒட்டுறேன். ஸ்டாம்பு?

— ஒட்டிட்டேன். ஜீப்பு ஆரனு சத்தம் கேக்குது. டிரைவர் விஜய்பாண்டி வந்துட்டாக. அண்ணே! கம்பம் டவுன்ல தபால் பெட்டியில போட்டுருங்க, மறந்துராதீக!

— என்ன லெட்டருன்னு கேட்டானா?

— கேக்கல. பையில வச்சுக்கிட்டுப் போயிட்டாக. லெட்டரு கெடச்சா அந்தப் புள்ள மறுபடி வரும். அப்பவாச்சும் எந்திரிச்சு வெளிய போயிருங்கத்த.

— போறேன்த்தா. நானும் ஒங்க மாமாவுக்குத் தெரியாமத் தேனிக்குத் தனியா பஸ்ஸேறிப் போயிக் கலைச்சுட்டு வந்தவதான். ஒன்னைய முடிச்சுட்டு என்னையக் கேக்கும்னுதான் அன்னிக்கு மொச்சை தீந்த பெறகும் எந்திரிக்காம உக்காந்திருந்தேன்.