எலியின் இதயமும் பிரிசில்லாவின் மாத்திரையும்

ஜெபக்குமார், வயது 41, த/பெ பெஞ்சமின், படாளம், செங்கல்பட்டு மாவட்டம் என்பவர் காவல் நிலையத்தில் ஆஜராகிச் சொன்னது:

நான் மேற்படி முகவரியில் மனைவி பிரிசில்லா, மகள் ஜெனிட்டாவுடன் வசித்து வந்தேன். மறைமலைநகர் பக்கம் ஒரு தனியார் மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் விலங்குகளைப் பராமரிக்கிறேன். பிரிசில்லாவுக்கு மகள் பிறந்தது முதல் மனநோய் உண்டு. தினம் ஒரு மாத்திரை சாப்பிட்டு, தையல் வேலையும் பார்த்து நன்றாகவே இருந்தாள். வேலையிடத்தில் இது யாருக்கும் தெரியாது.

கடந்த மாதம் 4-ஆம் தேதி எங்கள் கூடத்து விஞ்ஞானி ரேணுகா மேடம் ஓர் எலியின் இதயத்திலிருந்து எடுத்த தசைத் துண்டை வெதுவெதுப்பான உப்புநீரில் கொக்கியில் தொங்கவிட்டார். அது சுருங்கி விரிவது கம்ப்யூட்டரில் கோடாக ஏறி இறங்கியது. அதன் பிறகு ஒரு மருந்தை விட்டார். கோடு குறைந்து குறைந்து படுத்துவிட்டது. குப்பியை எடுத்து வைக்கும்போது பெயரைப் படித்தேன். பிரிசில்லாவின் மாத்திரை அட்டையில் இருந்த அதே பெயர். அவள் இதயமும் இப்படியே நின்றுவிடும் என்று நினைத்தேன். கேட்டால் வீட்டு விஷயம் வெளியே வரும் என்று மேடத்திடம் கேட்கவில்லை.

அன்று மாலையே மாத்திரையை நிறுத்தினேன். டாக்டர் நிறுத்தச் சொன்னதாகப் பொய் சொன்னேன். அதற்கு அவள், "மெய்யாலுமா? அப்ப நான் நல்லாய்ட்டனா?" என்று கேட்டு, அன்று கேசரி கிளறினாள். அதன் பிறகு தினமும் வேலைக்குக் கிளம்புமுன் அவள் நெஞ்சில் காது வைத்துக் கேட்பேன். துடிப்பு நன்றாக இருந்தது. சந்தோஷப்பட்டேன்.

பத்து நாளில் அவளுக்குத் தூக்கம் போனது. யாரோ கூப்பிடுவதாகச் சொன்னாள். பயந்துபோய் மறுபடி மாத்திரையைக் கொடுத்தபோது, "நல்லாய்ட்டவளுக்கு இன்னாத்துக்குயா மாத்திர? நீதான சொன்ன?" என்று துப்பிவிட்டாள். கெஞ்சியும் பார்த்தேன். பொய் என்று சொல்ல மட்டும் எனக்கு வாய் வரவில்லை.

28-ஆம் தேதி நான் வேலையில் இருந்தபோது பஸ் ஏறி மாமல்லபுரம் போய், பகலில் கடலில் இறங்கியிருக்கிறாள். மீனவர் வரதன் என்பவர் படகில் போய்த் தூக்கியும் உயிர் இல்லை.

அதன் பிறகுதான் ரேணுகா மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அதற்கு அவர், "நாங்க விட்டது ரொம்ப அதிக டோஸ், ஜெபக்குமார். மாத்திரை சாப்பிட்டா ரத்தத்துல அவ்ளோ சேராது. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார்.

பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரிடம் இதயம் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டேன். நன்றாக இருந்தது என்றார்.

நான் சொல்லச் சொல்ல எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். அனைத்தும் உண்மை. என் மனைவியின் சாவில் வேறு யார் மீதும் எனக்குச் சந்தேகம் இல்லை.

(ஒப்பம்) பெ. ஜெபக்குமார்