வெள்ளைப் பூ வந்த பதினைந்து பேர்

எனக்குப் பூ வாசனை ஆகாது. அரளியானாலும் மல்லிகையானாலும் பக்கத்தில் வந்தால் தும்மல் பிடித்துக்கொள்ளும். கல்யாண வீடுகளில் மாலையை வாங்கின கையோடு அடுத்தவரிடம் தள்ளிவிடுவேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அரசாங்கப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வைத்துப் பூப்போட்டுக் குறி பார்த்தேன், மூடநம்பிக்கையை வளர்த்தேன் என்று என்மேல் புகார் எழுதியிருக்கிறார்கள். அதை விசாரிக்கத்தான் ஐயா சித்தூரிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். என் பெயர் வெங்கடரமணன். திருப்பதியில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் மனோதத்துவம் நடத்துகிறேன். சாமி நம்பிக்கை கிடையாது. இந்தப் பெயரை வைத்துக்கொண்டு, இந்த ஊரில் குடியிருந்துகொண்டு, ஒரு தடவைகூட மலை ஏறாதவன் என்று என் மனைவிக்கே என்மேல் குறை உண்டு.

ஆகவே மூடநம்பிக்கை என்ற குற்றச்சாட்டு என்னை மிகவும் வருத்துகிறது. மற்றதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

புகார் எழுந்த மேல்கண்டிகை, நகரிக்குத் தெற்கே எல்லைத் தகராறில் கிடந்த ஊர்களில் ஒன்று. ஆந்திர ராஜ்யம் பிரிந்த நாளிலிருந்து சென்னைப் பக்கம் போகிறோமா, இந்தப் பக்கமே நிற்கிறோமா என்று ஊரே வாயில் ஈ நுழைவது தெரியாமல் காத்திருந்தது. கடைசியில் இந்தப் பக்கம்தான் என்று பேச்சு அடிபட்டது. ஜூன் மாதத்திலிருந்து பள்ளிக்கூடத்தில் பாடம் தெலுங்கில் என்றார்கள். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் வகுப்பில் ஊமைகளாக உட்கார்ந்திருந்தார்கள். பார்க்கவே பாவமாக இருந்தது. எனக்கு அதில் ஒரு கேள்வி எழுந்தது. பிள்ளையைப் பார்த்து வாத்தியார் தினமும் "உனக்கு வரும்" என்று ஒரு வார்த்தை சொன்னால், நிஜமாகவே படிப்பு வருமா?

முதல் வருஷம் தலைமையாசிரியர் ஆதிநாராயணனிடம், உங்களுக்குத் தோன்றிய பிள்ளைகளிடம் சொல்லுங்கள் என்று விட்டுவிட்டேன். நல்ல மனுஷர், ஊர்க்காரர், சொன்னதைச் செய்தார். பாராட்டு வாங்கிய பிள்ளைகள் எல்லோரும் அதிக மதிப்பெண் வாங்கினார்கள். வேறொருவராக இருந்தால் உடனே கட்டுரை எழுதி மாலை போட்டுக்கொண்டிருப்பார். நான் அவர் யாரைப் பாராட்டினார் என்று போய்ப் பார்த்தேன். ஏற்கெனவே நன்றாகப் படிக்கிறவர்கள், சட்டை கிழியாதவர்கள், மணியக்காரர் மகன். பாராட்டினால் மதிப்பெண் வந்ததா, மதிப்பெண் வருகிறவனைப் பாராட்டினாரா? ஒன்றோடொன்று சேர்ந்து வருவதாலேயே ஒன்றுக்கு மற்றது காரணமாகிவிடாது. இதைப் புரியவைக்க என் மாணவர்களுக்கு ஒரு வருஷம் ஆகும். ஐயா உடனே தலையசைத்தீர்கள், சந்தோஷம்.

இதற்கு மருந்து ஒன்றே ஒன்றுதான். யாருக்குப் பாராட்டு, யாருக்கு இல்லை என்பதை எந்த மனிதனும் தீர்மானிக்கக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு சீட்டு எடுக்க வேண்டும். அப்போது இரண்டு கூட்டத்திலும் கெட்டிக்காரனும் மந்தமானவனும் கலந்து விழுவார்கள். பிறகு வித்தியாசம் வந்தால் அதற்குக் காரணம் அந்த வார்த்தை மட்டுமே. இதைவிட நியாயமான ஏற்பாடு உலகத்தில் இல்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஊர்க்காரர்கள் சீட்டுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. எழுதியவன் ஏமாற்றுவான் என்றார்கள். ஆதிநாராயணன்தான் வழி சொன்னார்.

"சீட்டுன்னா ஆயிரம் பேசுவாங்க சார். கங்கம்மா கோயில்ல பூ வச்சிப் பாத்துடலாம். அதுக்கு மேல ஒரு ஆளு வாயத் தொறக்க மாட்டான்."

சிவப்பு அரளியும் வெள்ளை அரளியும் ஒரே மாதிரி இலையில் மடித்து அம்மன் முன்னால் வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். பெண் கொடுக்கலாமா, கிணறு வெட்டலாமா என்று கேட்டுப் பூ எடுப்பார்கள். நான் கணக்குப் பார்த்தேன். பொட்டலங்கள் ஒரே அளவு, நன்றாகக் குலுக்கிய கூடை, எடுப்பவருக்கு உள்ளே இருப்பது தெரியாது. அச்சடித்த சீட்டுக்கும் இதற்கும் துளி வித்தியாசமில்லை. சம்மதித்தேன். அடுத்த வருஷம் ஜூனில் முப்பது பிள்ளைகள். சிவப்பு பதினைந்து, வெள்ளை பதினைந்து. தும்மிக்கொண்டே நின்று நானே எல்லாவற்றையும் சரிபார்த்தேன்.

அம்சவேணிக்கு வெள்ளை வந்தது.

அந்தப் பெண்ணுக்கு ஒன்பது வயது. தாய் பொன்னியம்மா களையெடுக்கப் போகிறவள். நிலம் என்று காலடி மண் இல்லாமலிருந்து, அப்போதுதான் ஏரிக்கரை ஓரம் ஒரு துண்டு கிடைத்திருந்த குடும்பம். நகரிக்குப் போகும் பஸ்களின் பலகையைப் பார்த்தே அந்தப் பெண் பாதித் தெலுங்கு எழுத்துகளைக் கற்றுவைத்திருந்தாள். பூப்போடுவதற்கு முன்னால் நான் வைத்த சோதனையில் முப்பது பேரில் அவள்தான் முதல். அவளுக்கு வெள்ளை வந்ததில் எனக்கு ஒரு திருப்திகூட உண்டு. ஏமாற்றுகிறவனாக இருந்தால் கெட்டிக்காரியைச் சிவப்பில் அல்லவா தள்ளியிருப்பேன்?

இரண்டு கூட்டத்துக்கும் அதே ஆதிநாராயணன், அதே பாடம், வேறு வேறு நேரம். சிவப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் பெயர் சொல்லி "உனக்கு வரும்". வெள்ளைப் பிள்ளைகளுக்கு அது மட்டும் கிடையாது. அடி இல்லை, திட்டு இல்லை. இதைவிடச் சாதுவான சோதனை ஒன்றை ஐயா காட்டுங்கள்.

ஆடி மாதம் இரண்டாவது சோதனை வைத்தேன். சிவப்புப் பிள்ளைகள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். வெள்ளைப் பிள்ளைகள் சரிந்திருந்தார்கள். தெரிந்த எழுத்தைக்கூட எழுதவில்லை. அம்சவேணி பலகையைக் காலியாகத் திருப்பிக் கொடுத்தாள். பூஜ்யம்.

யோசித்தால் யாருக்கும் புரியும், எனக்கும் உடனே புரிந்தது. பாராட்டு ஒன்றும் செய்யவில்லை. பூ செய்துவிட்டது. வெள்ளை வந்தால் அம்மன் வேண்டாம் என்கிறாள் என்று அர்த்தம். உனக்குப் படிப்பு வராது என்று அம்மனே சொன்ன பிறகு எந்தப் பிள்ளை எழுதும்? இரண்டு பிள்ளைகளை அதற்குள் செங்கல் சூளைக்கு அனுப்பியிருந்தார்கள். சோதனை அன்றைக்கு மட்டும் கூட்டிவரச் சொல்லி ஏற்பாடு செய்தேன்.

ஆவணியில் பொன்னியம்மா திருச்சானூர்த் தாயார் கோயிலுக்கு வந்தாள். கங்கம்மா மறுத்ததைத் தாயார் மாற்றித் தரமாட்டாளா என்று வேண்டிக்கொள்ளப் பெண்ணையும் கூட்டி வந்திருந்தாள். அங்கிருந்து விசாரித்துக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்துவிட்டாள். பெண் பாதியாகியிருந்தாள்.

"பூ வெள்ளையா வந்ததுலருந்து வாயத் தொறக்க மாட்டேன்றா சார். சோறும் சரியா துன்றதில்ல. பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கினுதான் கீறா, பொம்ம மாதிரி குந்திக்கினு வரா. அது அம்மன் வாக்கு இல்ல, சும்மா சீட்டுதான்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா கேட்டுக்குவா. படிச்சவங்க சொன்னா நம்புவா."

பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாள் என்று தாய் சொன்னது மிகையென்று அப்போது நினைத்தேன்.

"எனக்கு வராதா சார்?"

என் நிலைமையை ஐயா நினைத்துப் பார்க்க வேண்டும். அவளுக்குச் சொல்ல வேண்டிய பதில், சிவப்புப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய அதே வார்த்தை. அதை இவளுக்குச் சொன்னால் இவள் எந்தக் கூட்டத்தில் சேர்த்தி? வெறும் சீட்டுதான் என்று சொன்னாலோ, அது மறுநாளே ஊர் முழுக்கப் பரவிவிடும். கடைசிச் சோதனைக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. மனசு சங்கடப்பட்டது உண்மை. நான் கல் இல்லை. அம்மன் காரியத்தில் நான் என்னம்மா சொல்வது என்று தாயிடம் சொன்னேன். பெண்ணுக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தேன். வாழைப்பழம் சோதனையைப் பாதிக்காது.

ஐப்பசி மழையில் அந்த ஊரில் காய்ச்சல் கண்டது. பல பிள்ளைகள் படுத்து எழுந்தார்கள். அம்சவேணி எழுந்திருக்கவில்லை.

பூவால் செத்தாள் என்று புகாரில் எழுதியிருக்கிறது. எப்படிச் சொல்ல முடியும்? ஒரே ஒரு பிள்ளையை வைத்து எந்தக் காரணத்தையும் நிறுவ முடியாது. சிவப்பு வந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாளா என்று தெரிய வேண்டுமானால், அதே பெண், அதே மழை, அதே காய்ச்சல், பூ மட்டும் வேறாக இருக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு இரண்டு பூவும் வர முடியாதே. எங்கள் துறையின் பெரிய சோகமே அதுதான். பொன்னியம்மாவிடம் இதைப் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். அவள் வேலைக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள்.

அவளை எந்தக் கணக்கில் வைப்பது என்பதுதான் எனக்கு நிஜமான தலைவலியாக இருந்தது. இறந்தவளை நீக்கிவிடலாம். ஆனால் பூ யாரை எங்கே போட்டதோ அங்கேயேதான் கடைசிவரை எண்ண வேண்டும். பாதியில் போனவர்களை விட்டுவிட்டால் குலுக்கியதற்கே அர்த்தமில்லாமல் போகும். ஆகவே அவள் கடைசியாக வாங்கிய மதிப்பெண்ணையே கார்த்திகைச் சோதனைக்கும் வைத்தேன். பூஜ்யம். வெள்ளைக் கூட்டத்தின் சராசரி இன்னும் கொஞ்சம் இறங்கியது. வித்தியாசம் பிரமாதமாக வந்தது. பாராட்டின் பலன் என்று தலைப்பிட்டுச் சென்னை மாநாட்டில் வாசித்தேன். கைதட்டினார்கள். பல பள்ளிக்கூடங்களில் இப்போது பிள்ளைகளைப் பாராட்டுகிறார்கள் என்று கேள்வி. நல்லதுதானே?

அது பாராட்டின் பலன் இல்லை என்று தெரிந்துதான் வாசித்தேன். இதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. பூவை ஊர்க்காரர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியாது என்று தங்கள் அலுவலகத்துக்கு முதலில் எழுதிக் கொடுத்தேன். அது சரியில்லை. கூடையைக் குலுக்குவதற்கு முன்னால் ஆதிநாராயணன் கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "யாருக்குப் படிப்பு வரும், யாருக்கு வராதுன்னு தாயே சொல்லட்டும்." நான் அவர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். நன்றாகக் காதில் விழுந்தது. தவறு என்று தெரிந்தது. திருத்தியிருக்கலாம். ஆனால் முப்பது தாய்மாரும் அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் பிள்ளையை முன்னால் அனுப்பினார்கள். திருத்தியிருந்தால் பாதிப்பேர் வீட்டுக்குக் கூட்டிப் போயிருப்பார்கள்.

எனக்கு என்ன தண்டனை என்பதைத் தாங்கள் தீர்மானித்துக்கொள்ளுங்கள், மேல்முறையீடு செய்ய மாட்டேன். ஒரே ஒரு வேண்டுகோள். மேல்கண்டிகைக்கும் போய் விசாரிக்கப் போவதாகச் சொன்னீர்கள். மீதிப் பதினான்கு பிள்ளைகளுக்கும் அது அம்மன் வாக்கு என்றுதான் இன்னும் நினைப்பு. ஒரு வருஷம் கழித்து என்ன ஆகிறது என்று பார்க்க ஜூனில் மறுபடி ஒரு சோதனை வைத்திருக்கிறேன். அதுவரைக்கும் அவர்களிடம் ஐயா ஒன்றும் சொல்லிவிடாதீர்கள்.