மூன்றாம் தீவில் மணி நான்கு முறை அடிக்கும்

“கேம் ரீமேக் முதல்ல வெளியாகட்டும். அப்புறம் பிரிஞ்சுக்கலாம். இப்பவே சொன்னா ஆபீஸ்ல எல்லாருக்கும் வேலை கெடும்” என்றார் என் கணவர், துவைத்த துணிகளை மடித்தபடி.

“சரிங்க. உங்க பனியன் இந்தப் பக்கம் கிடக்கு பாருங்க” என்றேன்.

அவ்வளவுதான் பேசினோம். அறிவிப்பு வந்த நாளிலிருந்து காத்திருக்கும் ரசிகர்களான நீங்கள், கேம் ஏன் பதினான்கு மாதம் தள்ளிப்போனது என்று கேட்கிறீர்கள். ஒளிக்க ஒன்றுமில்லை. பனியன்களை மடித்து முடிப்பதற்குள் கேம் வெளியாகக் கூடாது என்று முடிவு செய்துவிட்டேன். என்னோடு இருங்கள் என்று அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இது சுலபமாக இருந்தது.

அவர் தலைமை நிரலாளர். நான் சோதனை செய்பவள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் உள்ளங்கையில் வைத்து ஆடிய அந்தக் கறுப்பு வெள்ளை கேம் இடது கையில், வண்ணமயமான புதியது வலது கையில். பழசில் இருந்த எதுவும் விட்டுப்போகக் கூடாது என்பது எங்கள் நிறுவனத் தலைவரின் கட்டளை. பழைய கேமை ஆடும் கருவி அலுவலகத்தில் ஒன்றே ஒன்று, அதுவும் என் கைப்பையில். அந்த கேமின் ஏழு தீவுகளையும் ஆடி முடித்தவள் நான் ஒருத்தி. எனவே நான் சொன்னதுதான் சட்டம்.

முதல் பொய் சின்னது. மூன்றாம் தீவின் கலங்கரை விளக்கத்தில் மணி நான்கு முறை அடிக்கும் என்று எழுதிக் கொடுத்தேன். உண்மையில் அங்கே மணியே கிடையாது. மணி அடித்தால் பறவைகள் பறக்க வேண்டுமே என்றார் ஓவியர். பறந்தால் எங்கே போய் உட்காரும் என்று ஒரு வாரம் கூட்டம் நடந்தது. கூட்டத்தில் என் கணவர் தலையசைத்து, “ஆமா, எனக்கும் ஞாபகம் இருக்கு” என்றார். முன்னோட்டம் வெளியானதும் நீங்களே எழுதினீர்கள், அந்த மணிச் சத்தம் கேட்டுப் பள்ளிக்கூட நாட்கள் நினைவுக்கு வந்து அழுததாக. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு ஐந்தாம் தீவில் யோசனை சொல்லும் ஆடு ஒன்றைக் கண்டுபிடித்தேன். அதற்கு நாற்பது யோசனைகள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நானும் அவரும் ஆட்டைப் போலப் பேசிக்கொண்டு சிரித்தோம். கல்யாணமான எட்டு வருடத்தில் அவ்வளவு சிரித்ததில்லை. அதற்குள் இசையமைப்பாளர் தூக்கத்தில் மணி எண்ண ஆரம்பித்தார். ஓவியர் தன் திருமணத்தை இரண்டு முறை தள்ளிவைத்தார். மூன்றாவது முறை தள்ளியபோது அந்தப் பெண் வேறொருவரை மணந்துகொண்டாள். அவருக்கு ஆறுதல் சொன்னவள் நான்தான். மறுநாள் ஆட்டின் கொம்பு வளைந்திருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு குடும்பம் உடையாமல் இருக்க நாலு பேர் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தானே வேண்டும்.

மனம் ஆற, ஓவியர் பழைய சாமான் கடையில் அதே போன்ற ஒரு கருவி வாங்கி, கடைசித் தீவுவரை ஆடியிருக்கிறார். நேற்று தலைவர் எங்கள் மூவரையும் அழைத்தார். நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். தலைவர் என் கணவரிடம் திரும்பினார்.

“உனக்குமாய்யா தெரியாது?”

“தெரியும் சார். இவ கைப்பையிலிருந்து எடுத்து, குளியலறையில உட்கார்ந்து ஆடி முடிச்சேன். ரெண்டாவது மாசமே. அந்த ஆடு யோசனையெல்லாம் சொல்லாது. சும்மா மேயும்.”

“அப்புறம் எதுக்குய்யா ஒவ்வொரு கூட்டத்திலயும் மண்டைய மண்டைய ஆட்டின?”

அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

“கேம் வெளியானா நான் வீட்டைக் காலி பண்ணணும் சார்.”

தலைவர் தண்ணீர் குடித்தார். ஓவியர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் நான் சொல்ல வேண்டியது ஏதோ இருந்திருக்கலாம், அது என்னவென்று எனக்குத் தோன்றவில்லை. சந்தோஷத்தில் காது அடைத்தது. கணவரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏங்க, அது வெளியானா ஆகட்டும். நீங்க என்கூடவே இருந்துடுங்க.”