நகைக்கடை, படுத்துனு இருக்கறவரு

இந்த வெத மல்லாட்டைய ஒடைச்சி ஒடைச்சி, கடலத் தோலு குத்தி கட்டவெரலே காந்துதுக்கா… எழுந்துக்காதீங்க, உக்காருங்க ஷம்ஷாத்தக்கா. நீங்க ஒன்னும் ஒடைக்க வேணாம், கேட்டுக்கினு இருந்தா போதும். நேத்து குடிவந்தவங்களாச்சேன்னு கூட பாக்காம பொலம்பறேன்… எனக்கு யாருகிட்டயும் பேசவே வராது, ஊர்ல கேட்டுப் பாருங்க! வெக்கம் புடுங்கித் தின்னும்.

எங்க வூட்டுக்காரருக்கு பைத்தியமாம்! எங்க அத்த குஞ்சம்மா சொல்லுது. பெத்த தாயிங்க! வர்ற வெள்ளிக்கெழம கோயிலுக்கு இட்டுனு போயி சங்கிலி போட்டு வுட்டுடணுமாம். தன் பேரு தெரியாதவன் வூட்ல இருக்கக் கூடாதாம்.

பைத்தியம் இன்னாக்கா பைத்தியம்? போன வருசம் இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்தப்ப, கள்ளக்குறிச்சி ரோட்டுல மரத்த வெட்டிப் போட்டாங்க இல்ல? விடியறதுக்கு முன்ன இவரு சைக்கிள்ல போயி புளியமரத்துக் கெளையில மோதிட்டாரு. மண்டையில எடது பக்கம் அடி. "பேச்சு இருக்கற எடத்துல காயம்மா. புத்தி அப்டியேதான் இருக்கு, வார்த்ததான் கலஞ்சி போச்சி"ன்னாரு டாக்டரு. மெய்தாங்க! ஏரு பூட்டறாரு, மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாத்தறாரு, கொழம்புல உப்பு கம்மின்னா மொகத்த சுளிக்கறாரு… அது மட்டும் கெடல! ஆனா சோத்த செருப்புங்கறாரு. "செருப்பு போடு"ன்னு கத்தினா வந்த விருந்தாளி எழுந்து ஓடறாங்க. ஒரு நாளு எங்க அத்தைய எருமைன்னு கூப்புட்டாரு. அது மூளக் காயமா, சாமி குடுத்த வரமான்னு எனக்கே… சிரிக்காதீங்கக்கா, அத்த கொல்லையிலருந்து திரும்பற நேரம்!

கொழந்தைக்கு சொல்றாப்ல தொட்டுக் காட்டி சொல்லிக் குடும்மான்னாரு டாக்டரு. தூளியில ஒன்னு, கட்டில்ல ஒன்னு, ரெண்டுக்கும் ஒன்னா பேச்சு கத்துக் குடுக்கறேன். சொம்பத் தொட்டா சொம்பு, மாட்டத் தொட்டா மாடு. எல்லாம் வந்துச்சி. பேருதான்… கட்டினவரு பேர எப்டிங்க வாயால சொல்றது? ஆயுசு கொறையாது? அதனால சாடையா சொல்லிக் குடுத்தேன். "நகைக்கடையில இன்னா விப்பாங்க? ஆதிதிருவரங்கம் கோயில்ல படுத்துனு இருக்கறவரு யாரு? ரெண்டையும் சேத்துக்கோங்க"ன்னு. அவரும் நல்லா புடிச்சிக்கினாரு. ஆஸ்பத்திரியில பேரு இன்னான்னு கேட்டாங்க பாருங்க, டக்குனு, "நகைக்கடை, படுத்துனு இருக்கறவரு"ன்னுட்டாரு! கூட வந்த அத்த அங்கியே தலையில அடிச்சிக்கினு ஒக்காந்துடுச்சி. அன்னிக்கு ஆரம்பிச்சதுதான் இந்த சங்கிலிப் பேச்சி.

அத்ததான் நாளெல்லாம் அவரு பேரச் சொல்லிக் கத்துதே, அதுல கத்துக்கலாம் இல்ல? ஊஹூம்! அவரு என் வாயத்தான் பாக்கறாரு. வேற யாரு சொன்னாலும் காதுல வாங்கறதில்ல. அதான் இன்னிக்கு காலைல, மாட்டுக் கொட்டாயில, யாரும் இல்லன்னு பாத்து, கண்ண இறுக்க மூடிக்கினு சொல்லிப்புட்டேங்க… முழுப் பேரு! தோசம் ஒட்டக் கூடாதுன்னு தாலியத் தொட்டு கண்ணுல ஒத்திக்கினேன். மறுபடி சொன்னேன், மறுபடி தாலியத் தொட்டேன். அவரு என்னையே பாத்துக்கினு சிரிச்சாரு. அப்பாடா, புரிஞ்சிக்கினாருன்னு நானும்…

"பொன்னுரங்கம்! ஏ பொன்னுரங்கம்! தண்ணி!"

அய்யோ, எங்க வூட்டுக்காரரு குரலுதாங்கக்கா! கேட்டீங்களா? பேரு வந்துடுச்சி! எம்மாம் சுத்தமா… இருங்க, யாரக் கூப்புட்றாரு? என்னையா? அடக் கடவுளே, தாலியத் தொட்டுத் தொட்டு சொன்னனே! என் பேருன்னு நானே காட்டிக் குடுத்துட்டனே! அத்த வர்றதுக்குள்ள அவரு நெஞ்சத் தொட்டு இன்னொரு வாட்டி… வரேங்க, இதோ வரேன்! அக்கா, இந்த மொறத்தப் பாத்துக்கோங்க. யாராவது கேட்டா, அவரு பேர நான் சொன்னேன்னு மட்டும்…