வாழ்த்துப் படத்தில் இருந்த குதிரை

தீபாவளிக்கு முந்தின நாள், பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் போகும் கொமியூட்டர் ரயிலில் உட்கார இடமில்லை. எனக்குப் பக்கத்தில் நின்றவர் பந்தயக் குதிரை லாயத்தில் வேலை செய்பவர் போலிருக்கிறது. போனைக் கூட்டாளியிடம் நீட்டினார்.

“செத்த குதிரை எனக்குத் தீபாவளி வாழ்த்து சொல்லுது, பாருண்ணே.”

“நீ பாத்துக்கிட்ட குதிரையாச்சே?”

“ஆமா. போன தீபாவளிக்கு நான்தான் பொட்டு வச்சு மாலை போட்டேன். அப்ப எடுத்த படத்தையே இந்த வருஷமும் ஆபீஸ்ல எல்லாருக்கும் அனுப்பியிருக்காங்க.”

“கால் ஒடிஞ்சது அவங்களுக்குத் தெரியாதா?”

“தெரியாம என்ன? சனிக்கிழமை ரேஸ்ல விழுந்துச்சு, அங்கேயே ஊசி போட்டுக் கொன்னுட்டாங்க. ஆபீஸ்ல யாரு குதிரை மூஞ்சியப் பாக்குறா லா?”

“ஓரத்துல தெரியுறது யாரு கை?”

“என்னோடது. படத்துல ஆள வெட்டிட்டாங்க, கயித்தப் பிடிச்ச கை மட்டும் இருக்கு. ஊசி போடறப்பவும் அந்தக் கையாலதான் பிடிச்சிருந்தேன். என்னையே பாத்துக்கிட்டு கெடந்துச்சுண்ணே.”

கூட்டாளி போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“பதில் எதுவும் போடலதானே?”

“போட்டுட்டேன். ஹேப்பி தீபாவளி பாஸ்னு. அடுத்த குதிரைய யார்கிட்ட குடுக்கறதுன்னு அவங்க இன்னும் சொல்லல.”